ரிக்கற் எடுக்கிற விதம்

மாங்குளத்தில் ஒட்டியிருக்கிற நோட்டீசில் உள்ள இலக்கத்துக்கு
அடிக்கவேண்டாம்.
அது என் மச்சானுடையது. அவன் எடுக்கமாட்டான்.
மல்லாவி பஸ்ஸில் ஏறி
ரியூப் ஒட்டுற கடையடி என்று சொன்னால்
கொண்டக்டரே இறக்கிவிடுவார்.

நான் இருப்பேன். கை கறுப்பாக இருக்கும்.
ரிக்கற்றில் என் பெருவிரல் பதிந்திருந்தால் அது அசல்.

முன்வரிசை ஆயிரம். பிளாஸ்ரிக் கதிரை ஐந்நூறு.
பாய் கொண்டுவந்தால் இருநூறு,
பாய்க்கு அல்ல, ஆளுக்கு.
மதிலோரத்து வேம்பில் ஏறுகிறவர்களுக்கு இலவசம்,
ஆனால் வேம்பு பள்ளிக்கூடத்துச் சொத்து,
அதிபர் ரோச் லைற்றோடு வருவார்.

தூண் மறைக்கிற கதிரைகள் நாலு:
பன்னிரண்டு, பதின்மூன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
கேட்காதவர்களுக்குத்தான் அவற்றைக் கொடுப்பேன்.
ஆகவே கேளுங்கள்.

ஒன்பது மணி என்று போட்டிருக்கும்.
பத்தரைக்கு முன்னம் ஆர்மோனியத்துக்கு மூச்சு வராது.
ராசாவுக்கு அரிசி ஆலையில் பின்னேர வேலை,
தவிடு போகக் குளித்துவிட்டு வரவேண்டும்.
ராணி அம்புலன்ஸ் சாரதி.
எங்காவது அவசரமென்று போன் வந்தால்
விடியப்புறம் சாகவேண்டிய ராணி
மூன்றாம் காட்சியிலேயே செத்துப்போவாள்.
காசு திருப்பித் தரப்படமாட்டாது.

இன்னுமொன்று.
வரும்போது வேறொன்றும் கொண்டுவரவேண்டாம்.
இதை ஏன் சொல்கிறேனென்றால்
போன வருடம் தவமணிதேவி அக்கா வந்தா,
பாலிநகரிலிருந்து, சைக்கிளில்.
சொப்பிங் பையை அவிழ்த்து
மேசையில் ஒவ்வொன்றாக வைத்தா:
குடும்ப அட்டை,
அடையாள அட்டை, இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி,
விதானையாரின் கடிதம்,
படம் இரண்டு, ஒன்றின் பின்பக்கம் கையெழுத்தோடு.

இதொண்டும் தேவையில்லை அக்கா, ஐந்நூறு ரூபா.
காசு மட்டுமோ?
காசு மட்டும்.
எங்க போறன், எப்ப வருவன் எண்டு எழுதவேணாமோ?
பள்ளிக்கூட மண்டபத்துக்குத்தானே அக்கா.

அவ கொஞ்சநேரம் நின்றா.
பிறகு குரலைத் தணித்து,
அப்ப ஆர் பிணை நிக்கிறது?

நான் சிரித்தேன்.
தண்ணிச் சட்டிக்குள் ஒரு ரியூப்பை அமத்திப் பிடித்திருந்தேன்.
ஓட்டை எங்கே என்று
குமிழிகள் காட்டிக்கொண்டே இருந்தன.
என் அண்ணன் ஒருமுறை பாஸ் எடுத்துப் போனபோது
பெரியப்பா பிணை நின்றவர்.
அந்தக் கதை இங்கே வேண்டாம்,
நீங்கள் ரிக்கற் எடுக்க வந்தவர்கள்.

அக்காவுக்கு இருபத்தாறாம் கதிரை கொடுத்தேன்.
நல்ல கதிரை.
மிருதங்கக்காரரின் விரல்கூடத் தெரியும்.

நாடகத்தன்று வாசலில் நான்தான்.
ரிக்கற்றை வாங்கி, பாதியைக் கிழித்து, பாதியைக் கொடுப்பது.
அக்கா கொடுக்கவில்லை.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா.
உள்ளே நல்ல சீலைக்காரர் எல்லாம் இருந்தாயிற்று,
பின்னால் முப்பது பேர், ஒருவன் விசிலடிக்கிறான்.
கிழிச்சால்,
திரும்பிப் போகேக்க என்னத்தைக் காட்டுறது தம்பி?

கிழிக்காமல் விட்டேன்.
கணக்கில் ஒரு பாதி குறைந்தது.
சங்கத் தலைவர் கேட்டபோது
மழை என்று சொன்னேன். ஆவணி மாதம்.
அவர் என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார்.

அக்கா விடியும்வரை இருந்தா.
ராணி சாகும்போது
மற்றவர்கள் மூக்குச் சீறினார்கள்,
அவ ராணியின் செருப்பைப் பார்த்து
வாய் பொத்திச் சிரித்ததைக் கண்டேன்.
அது அம்புலன்ஸ் சப்பாத்துத்தான், மாற்ற மறந்துவிட்டான்.

இந்த வருடம் நாங்கள் கிழிப்பதில்லை.
மூலையில் ஓட்டை போடுவது என்று தீர்மானம்.
முப்பத்தொன்பது ரிக்கற் மிச்சம் இருக்கு,
சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

கதவின் உட்பக்கத்தில் ஒரு மட்டை தொங்கும்,
என் கையெழுத்துத்தான், கிறீஸ் பிரண்டிருக்கும்:
வெளியே போக ரிக்கற் தேவையில்லை.
வாசித்தவர்களும்
ஒருக்கால் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.