ஐந்திலிருந்து இரண்டு

தெமட்டகொடை மேம்பாலம் இறங்கும் இடத்தில்
பின்சில்லு ஒரு துள்ளுத் துள்ளும்.
அரைக் கணம் ரோட்டில் இல்லை.
அந்த அரைக் கணத்துக்குள்
கட்டாத லீசிங் தவணை எல்லாம் ஞாபகம் வரும்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார்
டயரைப் பார்க்கவில்லை, செயினைப் பார்க்கவில்லை.
"ஏறி இருங்க."
அச்சிலிருந்து சீட்டு விளிம்புவரை நாடா பிடித்தான்.
"எறங்குங்க."
திரும்பவும் பிடித்தான்.
ஒரு விரல் அகலம்கூடப் பதியவில்லை.

"பின்னுக்கு யாரு ஏறுற?"
"இப்ப ஒருத்தரும் இல்லை."
அவன் முகம் சட்டென்று
மரண வீட்டு முகமாகிவிட்டது.
"சீச்சீ! ஸ்கூட்டர் வாங்கிட்டா."

பிறை ஸ்பேனரைக் கொளுவி
ஸ்பிரிங்கின் அடிவளையத்தைத் திருப்பினான்.
ஐந்து. டக்.
நாலு. டக்.
ஏழு வருஷமாக சுகிர்தாவும் அவள் கந்தோர்ப் பையும்
வெள்ளிக்கிழமைக் கீரைக்கட்டும்
மழைநாளில் என் முதுகில் அவள் சாய்ந்த பாரமும்
பல் பல்லாக இறங்கின.
"ஒங்களுக்கு ரெண்டு காணும்."
இரண்டா?
ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுத்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

குழி வந்தது. போனது.
வளைக்க, சில்லு நிலத்தைப் பிடித்துக்கொண்டே வந்தது,
பிள்ளை கையைப் பிடிப்பதுபோல் அல்ல,
கடன் கொடுத்தவன் பிடிப்பதுபோல்.

ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு.
பக்கத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்.
"உங்கட பிரேக் லைட் எரியேல்லை"
என்றாள் சுகிர்தா, கண்ணாடியை உயர்த்தாமலே.
பச்சை விழுந்தது.
நான் கியரைத் தேடி முடிக்கமுதல்
அவள் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பியிருந்தாள்.