நோக்கங்கள்: நான்கு வரி

நோக்கங்களை எழுத நான்கு வரி விட்டிருக்கிறார்கள்.
திங்களுக்குள் நாரின் நகரக் கல்வி அலுவலகத்துக்குப்
போய்ச் சேர வேண்டுமாம்.

'பொறுமை' என்று எழுதி அடித்தேன்.
அது எனக்கான பாடம், பிள்ளைகளுக்கு அல்ல.

இன்று காலை ஐஸிரெக்
கோட்டு ஜிப்போடு மல்லுக்கட்டினாள்.
வெளியே தியான் ஷானிலிருந்து இறங்கிய பனி.
பதினாறு தொப்பிகள் வாசலில் காத்திருந்தன.
என் கைகள் தாமாக நீண்டன;
இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
எல்மிர் பெருமூச்சு விட்டான்,
நானும்தான்.
வெகுநேரம் கழித்துப்
பல்லோடு பல் கவ்வி
கழுத்துவரை ஏறியது ஜிப்.
அவள் யாரையும் பார்க்கவில்லை.
என்னையும்.
நேரே பனிக்குள் ஓடினாள்.

அந்த 'என்னையும்' கொஞ்சம் வலித்தது.
இருபது வருடமாக
அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

எழுதுகிறேன்:
நான் இந்த அறையில் இருப்பதை
இவர்கள் மறந்துபோகும் நேரம்
மே மாதத்துக்குள்
இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

எழுந்து தேநீர் ஊற்றி வருவதற்குள்
மிச்ச இடத்தில்
தெமிர்பெக் குதிரை வரைந்துவிட்டான்.
ஐந்து கால்.
ஓடும்போது அப்படித்தானாம்.

அழிக்காமல் அனுப்புகிறேன்.