மொய் எந்தப் பக்கம்

வங்கியிலிருந்து கொடுத்தனுப்பிய படத்தில்
ஒரு பன்றி வாய் திறந்து காசு விழுங்குகிறது.
அதை நான் சுவரில் ஒட்டவில்லை.
கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தேன்:
இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு.

பெருமாநல்லூர் விடுதி. ஞாயிறு, மூன்று மணி.
எதிரே ஏழு பேர்,
பங்குனிக்குள் பதினெட்டு முடிகிறவர்கள்.
நான்கு வருடம் முன்பு நானும்
மூன்றாவது வரிசையில் இருந்தவள்தான்.
அப்போது இந்த வகுப்பு கிடையாது.
ஒரு பை, ஒரு பாய், மாற்றுச் சான்றிதழ்,
கேட்டுவரை வந்து கையசைத்த சமையல்காரம்மா.
அவ்வளவுதான்.

எதை முதலில் சொல்ல?
வெங்காயத்துக்கு விலை உண்டு என்பதையா?
மணி அடித்தால் தட்டு நிறையும் என்று வளர்ந்தவள்,
முதல் வாரம் மளிகைக் கடையில்
எவ்வளவு என்று கேட்டபோது முழித்து
ரெண்டு கிலோ கடுகு வாங்கினேன்.
சிரியுங்கள்.
அது இன்னும் தீரவில்லை.

லைன் வீடு. வாடகை மூவாயிரம், அட்வான்ஸ் இருபதாயிரம்.
கரண்டுக்குத் தனி. தண்ணீர் வராத மாதமும் தண்ணிக்காசு உண்டு.
சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியில் சம்பளம் போடுவார்கள்.
அதே சாயங்காலம்
பாத்திரச் சீட்டுக்காரர் கேட்டில் நிற்பார்.
தற்செயல் இல்லை.
எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஆப்.
காய்ச்சலில் பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.
ஐயாயிரம் கேட்டேன், மூவாயிரத்து நானூறு வந்தது.
ஏழாம் நாள் ஆறாயிரம் கட்டு என்றார்கள்.
கட்டலைன்னா உன் சொந்தக்காரங்களுக்கெல்லாம்
போன் போடுவோம் என்றான் ஒருவன்.
போடுங்க என்றேன்.
என் போனில் மொத்தம் பதினோரு நம்பர்,
அதில் ஒன்று கேஸ் கம்பெனி.
சமையல்காரம்மாவைக் கூப்பிட்டுக்
கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டியிருக்கிறான்.
இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவர்
"யாரு சாமி நீ, சாப்ட்டியா" என்றாராம்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் எழுதுகிறாள், அடிக்கோடு போட்டு.
மோனிஷா எழுதவில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
"மொய் எந்தப் பக்கம்க்கா?"

கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தேன்.
அந்தப் பக்கம் பார்த்தேன்.

போன தை மாதம் எங்கள் லைன் டெய்லர் மயிலாத்தா
மகளுக்குக் காதுகுத்து வைத்தாள், ஊத்துக்குளியில்.
மண்டபம் முழுக்க ஒரம்பரை.
சுருட்டிய இருநூறு ரூபாய் என் உள்ளங்கையில் வேர்த்தது,
அரை நாள் சம்பளம்.
மொய் மேசையில் இருந்தவர் நிமிராமல் கேட்டார்:
"எந்தூருங் அம்மிணி? யார் ஊட்டுப் புள்ளைங்?"

பின்னால் வரிசை நெருக்குகிறது.
பேனா நோட்டின் மேல் காத்திருக்கிறது.
நவநீதா என்றேன்.
ஊர்?
செக்கிங் டேபிள் என்று வாயில் வந்துவிட்டது.
அவரும் அப்படியே எழுதினார்:
நவநீதா, செக்கிங் டேபிள், ரூ. 200.

திங்கட்கிழமை, மெஷினை நிறுத்தாமலே மயிலாத்தா சொன்னாள்:
"உன்ற விசேசம் எப்போ வருதோ,
எனக்கொரு கடன் நிக்குது புள்ளே."

அதுவரை நான்தான் எல்லோருக்கும் பட்டவள்.
போர்வை தந்தவருக்கு,
கேக் வெட்டிப் போட்டோ எடுத்துப் போனவருக்கு,
பள்ளிக்கூட ஷூவுக்கு, ஷூவின் லேசுக்கு.
எனக்குக் கடன்பட்ட முதல் ஆள்
ஊத்துக்குளி மயிலாத்தா.
அந்த இருநூறை வசூலிக்க எனக்கு அவசரமே இல்லை.

இதையெல்லாம் மோனிஷாவிடம் சொல்லவில்லை.
"செலவுப் பக்கம் எழுது" என்றேன்.
"வாடகைக் காசில் மட்டும் கை வைக்காதே.
பென்சில்ல எழுது."
"ஏன்க்கா பென்சில்?"

பதில் யோசிப்பதற்குள் நாலரை மணி அடித்தது.
ஏழு பேரும் எழுந்தார்கள்.
என் காலும் எழுந்துவிட்டது,
நான்கு வருடத்துக்குப் பிறகும்.

மோனிஷா, நில்லு.
உன் ஆதாரில் பெயருக்கு ஒரு கால் குறைகிறது,
மோனிஷ என்று போட்டிருக்கிறார்கள்.
அதைச் சரிசெய்யாமல் வைப்புப் பணம் கைக்கு வராது.
செவ்வாய் காலை இ-சேவை மையத்துக்கு வந்துவிடு,
நானும் வருகிறேன்.
எனக்கு அரை நாள் போகும்.
பரவாயில்லை,
பென்சில்ல எழுதிக்கிறேன்.