ஒன்பதாம் கதவில் மாட்டியது

ஐப்பசி பதினொன்று, விடியற்காலை மூன்றரை.
கீழணையில் நொடிக்கு அறுபதாயிரம் கன அடி.
ஒன்பதாம் கதவு பாதியில் நின்றுவிட்டது,
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
லஸ்கர் மரியசூசை டார்ச்சை நீட்டிப் பார்த்து
"மரம்ங்க" என்றார்.
மழையில் அதற்கு மேல் காதில் விழவில்லை.

பொழுது விடிந்து கிரேன் வந்தது.
இருபத்திரண்டு அடி, வேரோடு.
வேரிடுக்கில் ஒட்டியிருந்த மண்
கொள்ளிடம் கண்ட நிறமில்லை.
பட்டை செதுக்கிய இடத்தில்
சுத்தியலால் அடித்த வட்டம்,
வட்டத்துக்குள் 1147.

அணைக்கரை பாதி அங்கேதான் நின்றது.
ஒருவர் விலை கேட்டார்.
ஒருவர் முழம் போட்டு அளந்து
நாலு நிலைக்கதவு தேறும் என்றார்.
தையல்நாயகி பேசாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்து
சிக்கிய வலையைப் பிரிக்கத் தொடங்கினாள்.
"யாரு மரம் இது?"
"அரசாங்க மரம்."
"அப்போ நம்ம மரம்."
கேலியா, தீர்மானமா,
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் உதவிப் பொறியாளர்.
ஆற்றில் வந்தது எதுவானாலும் பதிவேட்டில் ஏற வேண்டும்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
பொதுமக்கள் என்று எழுதினேன்.
தணிக்கைக்காரர் முகம் நினைவு வர
அடித்துவிட்டு வனத்துறை என்றெழுதினேன்.
அடித்தது இன்னும் படிக்கத் தெரிகிறது.

கடிதம் போட்டேன். நாற்பத்தோராம் நாள் பதில்,
கொல்லிமலைச் சரகத்திலிருந்து,
நான்கு பக்கம், கையெழுத்தில்.

"1147 மதகிரி வேம்பு. விதைமரம்.
அந்த முத்திரை வெட்டுவதற்கு அல்ல, விடுவதற்கு.
அதன் விதை விழுந்து, கன்று எழுந்து,
சரிவு தன்னைத்தானே மூடிக்கொள்ளும் வரை
தொடக் கூடாது என்பது திட்டம்.
அடுத்த அளவெடுப்பு முறை 2061.
அன்று டேப் பிடிக்கப்போகிறவர்
இப்போது தவழ்ந்துகொண்டிருக்கலாம்.

மேல்சரிவில் 1974-ல் தைலமரம் போட்டோம்,
பொதுநலன் என்று சொல்லித்தான்.
இரண்டு முறை வெட்டி விற்றோம்.
மூன்றாவதாக மழை வந்து கேட்டது.
கோப்பில் இதை எழுத வழியில்லை,
கடிதத்தில் எழுதுகிறேன்.
ஒரு விவரம் வேண்டும்:
அங்கே மண் எவ்வளவு வந்தது?

கி. அல்லிமுத்து, வனச்சரகர்."

முறை என்ற சொல்லில்தான் தடுக்கி நின்றேன்.
எங்களுக்கும் முறை உண்டு.
ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு.
அதற்கே மதகில் மண்வெட்டி தூக்குவார்கள்.
எங்கள் ஊரில் மிக நீண்ட காலம் என்பது
நூற்றைம்பத்தைந்து நாள் சம்பா.
தூர்வாரும் நிதி மார்ச்சில் செத்துப்போகும்,
ஏப்ரலில் வேறு பெயரில் பிறக்கும்.

மறுநாள் அளவுகோலும் படகுமாகப் போனோம்.
மரியசூசை கழியை இறக்கினார்.
போன வருஷம் மூழ்கிய அடையாளம்
வெயிலில் நின்றது.
ஒன்றேகால் அடி.
மூன்று கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டு
எத்தனை லாரி என்று எழுதினேன்.
பிறகு லாரிக் கணக்கை அடித்துவிட்டு
அடியும் அங்குலமும் மட்டும் அனுப்பினேன்.
லாரி என்று படித்தால்
யாராவது விலை கேட்பார்கள்.

மரத்தை எடுத்துப்போகச் செலவு அதிகம்,
பொதுப் பயனுக்கு வைத்துக்கொள்ளலாம் என உத்தரவு வந்தது.
பொதுப் பயன் எது என்று
பஞ்சாயத்தில் இரண்டு கூட்டம் நடந்து
இரண்டிலும் முடிவில்லை.

தை மாதம் எனக்குக் காட்டுமன்னார்கோயிலுக்கு மாற்றல்.
ஒப்படைப்புப் பட்டியல்:
சாவி முப்பத்தாறு,
மணல் மூட்டை நானூறு,
ஜெனரேட்டர் ஒன்று, ஓடாது.
கடைசி வரி என் கையெழுத்தில்:
"2061. மலையில் அளப்பார்கள்.
கடிதம் போட்டு விவரம் கேட்க."

புதிதாக வந்த இன்பசேகர்
பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.
"இது எதுக்கு மேடம்?"
"உங்களுக்கு அடுத்து வர்றவரும்
பட்டியல்ல இதை எழுதணும். அதுக்குத்தான்."

வெளியே தையல்நாயகி
மரத்தின்மேல் வலை காயப்போட்டிருந்தாள்,
எண் மட்டும் மறையாதபடி.

அவர் கொஞ்சம் யோசித்தார்.
ஜெனரேட்டர் ஓடாததைப் பற்றித்தான் என நினைக்கிறேன்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.