எட்டடிக் கயிறு

மொரீனின் ஃபியட்டுக்கு வயது அறுபத்தேழு.
என் ஹெரால்டு ஏழு வயது இளையவன்,
ஆனால் மூட்டுவலி இவனுக்குத்தான்.

ஞாயிறு விடிகாலை நாலே முக்கால்.
காசிமேட்டில் ஏலம் சூடுபிடிக்கிற நேரம்
என் ஐஸ் ஃபேக்டரி வாசலில்
இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கும்.
"ரெண்டாவது கியர் இன்னிக்காவது விழுமா மேன்?"
"உன் சைலன்சரைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டு,
போன வாரம் வஞ்சிரக் கூடையில கிடந்துச்சு."
முப்பத்தோரு வருடமாக
இதுதான் எங்கள் வணக்கம்.

முடிவுக்கோடு தாழங்குப்பம்.
அங்கே கேக்கி, ஸ்கூட்டர் மேல், ஸ்டாப்வாட்சோடு.
ராயபுரத்துப் பார்சி. அவருடைய எம்.ஜி.
அரத்தூன் சாலை ஷெட்டில் பதினோரு வருடமாக
பழைய பேப்பர் மேல் பாகம் பாகமாகக் கிடக்கிறது.
ஓட வண்டி இல்லாதவர்தான் நடுவர் என்று
நாங்களே சட்டம் போட்டோம்.
தோற்றவர் செலவில் ஆட்டுக்கால் பாயா.
கேக்கிக்கு எந்த வாரமும் பர்ஸ் கிடையாது.

அன்று மீன்கார அஞ்சலை
தலைத்துண்டை அவிழ்த்து வீசினாள்.
பாறைகளில் அலை அடிக்க
திருவொற்றியூர் குப்பம் வரை நான்.
கே.வி.கே. குப்பத்தில்
உப்புத் தண்ணீர் கண்ணாடியில் தெறித்து
நான் வைப்பரைத் தேடிய நொடியில்
அவள்.
அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகம்!
ஷேர் ஆட்டோ ஒன்று எங்கள் இருவரையும்
ஹாரன் அடித்து முந்திப் போனது.

எர்ணாவூருக்கு முன்னால்
ஒரு டிரெய்லர் குறுக்கே மடங்கி நின்றது.
அப்புறம் எல்லாமே நின்றது.
முன்னே கண்டெய்னர், பின்னே கண்டெய்னர்,
நடுவே நாங்கள், இரண்டு பொம்மைகள் போல.
லாரிக்காரர்கள் இறங்கிப் பல் தேய்த்தார்கள்.
ஒருவர் பானெட்டைத் தட்டி "விக்கிறியா?" என்றார்.

மொரீன் கண்ணாடியை இறக்கினாள்.
"ரூல்ஸ் மாத்துறோம்.
எவன் வண்டி மொதல்ல கொதிக்குதோ, அவன் அவுட்.
என்ஜினை நிறுத்தினாலும் அவுட்."

எண்ணூர்ப் பக்கம் வெயில் ஏறியது.
மணலிக் காற்றில் கந்தக வாசனை.
என் முள் தொண்ணூறு.
அவள் முள்ளை எட்டிப் பார்த்தேன், அதுவும் தொண்ணூறு.
அவள் கார்புரேட்டர் ஊசி என் டப்பாவிலிருந்து போனது,
என் ஃபேன் பெல்ட் அவள் கொடுத்தது.
எதிரியின் உறுப்பால் மூச்சுவிடும்போது
முழுமனதாகச் சபிக்கவும் முடியவில்லை.

என் டிக்கியில் சாக்குச் சுற்றிய அரைப் பாளம் ஐஸ்.
தொழில் அது. யாரும் தடுக்க முடியாது.
துணியில் முடிந்து பெட்ரோல் பம்பின் மேல் வைத்தேன்.
முள் இறங்கியது.
அவளுடையது நூறைத் தொட்டது.

ஒரு துண்டு உடைத்துக் கொண்டுபோனேன்.
"வேணாம் மேன். தோத்தாலும் என் சூட்டுல தோக்குறேன்."
எடுத்து அவள் ஹேண்ட்பேக் மேல் வைத்தேன்.
தூக்கித் தார்ச்சாலையில் போட்டாள்.
மீண்டும் உடைத்தேன். மீண்டும் போட்டாள்.
ஐஸ் தீர்ந்தது.
இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு சின்னக் குளம்,
அதில் ஒரு நாய் வந்து குடித்தது.

ஏழரைக்கு டிரெய்லர் நகர்ந்தது.
ஃபியட் இருமி, துப்பி, கிளம்பியது.
என் ஹெரால்டு
கடைசி மூச்சாகக் கொதித்து
ஓய்ந்தது.

அவள் எர்ணாவூர் வளைவுவரை போய்விட்டாள்.
பிறகு ரிவர்ஸில் வந்தாள்,
அத்தனை லாரிகளும் திட்டித் தீர்க்க.
பேசவில்லை. நைலான் கயிறு எடுத்தாள்,
தன் வாலில் ஒரு முடிச்சு, என் மூக்கில் ஒன்று.

தாழங்குப்பத்தில் கேக்கி
வாட்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
குனிந்து கயிற்றை முழம் போட்டார்.
"மொரீன் வெற்றி. வித்தியாசம் எட்டடி."

"இழுத்தது நான்தானே, அவன் ஓடவே இல்லியே!"
என்று அவள் கத்தினாள்.
"கோட்டைத் தாண்டினானா இல்லையா?
ஓடித் தோற்றவன் கணக்குத்தான்" என்றார் கேக்கி.
மூன்று பாயாவுக்கும் என் காசு.
நல்லெலும்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

நேற்று வண்ணாரப்பேட்டை போயிருந்தேன்.
ஃபேன் பெல்ட் வாங்கவில்லை.
ஆறடிக் கயிறு ஒன்று
வாங்கி வைத்திருக்கிறேன்.