ஜூலையில் ஸ்லைடு காயாது

சயான் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர்.
இரவுப்பணிக்கு வர வேண்டிய பிரமிளா தாண்டேல் வரவில்லை.
நான், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஹேர் டிரையர்,
நாற்பத்தொரு ரத்தப் பூச்சுகள்.

இந்த ஊரில் மழைமாதத்தில் ரத்தமும் காயாது.
மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும்.
காலையில் திறந்த புட்டி
இரவுக்குள் பாதி மழை.
அப்புறம் ஒவ்வொரு சிவப்பணுவிலும்
மினுங்கும் ஓட்டை, பூச்சி அரித்த துவரம்பருப்பாய்.
போன வருஷம் புதிதாக வந்த பையன்
ஒரு வார்டு முழுக்க நோய் என்று எழுதிவைத்தான்.
நோயில்லை தம்பி,
மும்பை.

எனக்குச் சம்பளமே இதற்குத்தான்:
எது உடம்பு, எது வானிலை என்று பிரித்துச் சொல்ல.

வால் நீண்டு கண்ணீர்த்துளி போலச் சில அணுக்கள் வரும்.
எல்லா வாலும் ஒரே பக்கம் பார்த்தால்
அது நான் இழுத்த இழுப்பு, கையின் அவசரம்.
மஜ்ஜைக்குள் நார் மண்டியவருக்கு
திசைக்கொன்றாய்த் திரும்பியிருக்கும்.
நிஜ அழுகைக்கு வரிசை கிடையாது.
(எழுதியதும் அடித்துவிடத் தோன்றுகிறது. இருக்கட்டும்.)

ஓரமெல்லாம் முள் முளைத்திருந்தால்
சிறுநீரகம் கெட்டிருக்கலாம்.
ட்யூப் மதியத்திலிருந்து
யாரோ ஒருவர் சட்டைப்பையில் கிடந்திருக்கவும் கூடும்.

உல்லாஸ்நகர் குர்னானி வீட்டுக் குழந்தைக்கு
கேரம் பலகையின் நடுவட்டம் போல,
வட்டத்துக்குள் வட்டம்.
தலசீமியா.
அம்மாவும் அப்பாவும்
'கொஞ்சம் சோகை' என்றே காலம் ஓட்டியவர்கள்.
இரண்டு கொஞ்சமும் அவளிடம் வந்து முழுசானது.

லஹானு போயே, வயது பத்தொன்பது,
ஜவ்ஹார் மலையிலிருந்து வடாலாவின் பதினேழாம் மாடிக்குச்
சிமெண்டு சுமக்க வந்தவன்.
மூட்டு வலிக்கு மூன்று நாள் மருந்துக்கடை மாத்திரை.
பாடப்புத்தகத்தில் அதற்கு அரிவாள் என்று பெயர்.
தாராவியில் பிறந்தவளுக்கு அரிவாள் ஏது?
அப்பா தோல் கொட்டகையில் பிடித்த
வளைந்த சுரண்டுகத்திதான் எனக்குத் தெரியும்.
அதையே பார்த்தேன், நரம்பெல்லாம் நூறு கத்தி.
ரிப்போர்ட்டில் அரிவாள் என்றுதான் எழுதினேன்.

மணி இரண்டு ஐம்பது. இருபத்தொன்பதாவது.
ஃபிர்தௌஸ் அன்சாரி, இருபத்தாறு, பிரசவமாகி நான்காம் நாள்.
சீட்டில்: காய்ச்சல், பிதற்றல், டெங்குவா?
பிளேட்லெட் ஒன்பதாயிரம்.
ஏற்றுவதற்கு இரண்டு பை கேட்டிருந்தார்கள்.

கண்ணாடியில் உடைசல்.
முக்கோணம், பிறைத்துண்டு,
ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் சாலையில்
விபத்துக்குப் பிறகு கிடக்கும் ஹெல்மெட்.
மழைதான் என்று நினைத்தேன்.
மழையாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

புதுப் புட்டி உடைத்தேன்.
புது ஸ்லைடு, டிரையரின் சூடு, சாயம், எண்ணெய்.
அதே உடைசல்.
மறுபடி. அதற்குள் விரல் நுனி கொப்பளித்தது.
பக்கத்தில் இன்னொருவர் ரத்தத்தையும் வைத்து,
அதே புட்டி, அதே கை, அதே காற்று.
அவர் அணுக்கள் முழுசு.
இவள் அணுக்கள் நொறுங்கியவை.
இவளுடைய சின்னக் குழாய்களில் எங்கோ
கண்ணுக்குத் தெரியாத கம்பிவலை கட்டியிருக்கிறது.
கடக்கிற ஒவ்வொன்றும் கிழிபடுகிறது.

போன் எடுத்த டாக்டரின் குரலில் தூக்கம்.
"மழை ஸ்லைடா இருக்கும், தீதி."
"மூணு தடவை காயவெச்சேன், சார்.
டெங்கு இப்படிக் கிழிக்காது.
அந்தப் பையை ஏத்தாதீங்க.
பெரியவரை எழுப்புங்க."
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு நாற்காலி நகரும் ஒலி,
யாரோ ஓடும் செருப்பு.

என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
வழக்கமில்லை.
நாளை அவள் பெயரில் இன்னொரு ட்யூப் வந்தால்
அதுதான் பதில்.

முப்பதாவது ஸ்லைடு.
யாரோ ஒரு வசந்த் கர்வே, ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்சோதனை.
எல்லாம் வட்டம்,
நடுவில் கொஞ்சம் வெளிறிய
சாதாரண வட்டம்.
ஒரு நிமிஷத்தில் முடிக்க வேண்டியதை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.