கழிவுக் கணக்கு

செல்லெ நகரம், நாற்பத்தேழு, பிப்ரவரி.
ஆல்லர் ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
நாஃபி கேண்டீனுக்குள் மட்டும்
எந்நேரமும் ஆவி.

பன்னுக்கு மூன்று பென்ஸ், தேநீருக்கு ஒன்று,
அதுவும் இங்கே மட்டும் செல்லும் காகிதக் காசில்.
அரைப் பென்னி என்றால் ஒரு பிளாஸ்டிக் வில்லை,
கோட்டிலிருந்து கழன்று விழுந்த பொத்தானைப் போல.
வாசலைத் தாண்டினால்
அதற்கு அழுகிய உருளைக்கிழங்குகூட வராது.

பிங்-பாங் வலை கிழிந்து மூன்று வாரம்.
கார்ப்பரல் பெட்டிகிரூ தன் காலுறையைக் கட்டி ஆடுகிறான்.
பியானோவில் இரண்டு கட்டைகள் ஊமை.
வீட்டு நினைப்பு முட்டிக்கொண்டு வருகிறவர்கள்
அந்த இரண்டையும்தான்
தேடித் தேடி அழுத்துகிறார்கள்.

நான் மிஸ் ஆக்ராய்ட். ஹல் துறைமுகத்துக்காரி.
பேரேடு என் கையில், சாவிக்கொத்து என் இடுப்பில்.
மாலை ஆறரைக்கு
பாத்திரம் கழுவும் பெண்களின் பைகளைச் சோதிப்பதும் நான்தான்.
விதி பதினான்கு:
தட்டில் மிஞ்சிய ரொட்டி, வடிகட்டிய தேயிலைச் சக்கை
எல்லாம் பன்றிப் பண்ணைக் குத்தகைக்காரருக்குச் சொந்தம்.
வாளிக்கு இவ்வளவு என்று
அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நேற்று வரிசையில் கடைசியாக வீப்கெ லோமன்.
முன்பு பள்ளியில் பூகோளம் நடத்தியவளாம்.
அஸ்ஸாம் எங்கே என்று
குச்சியால் தொட்டுக் காட்டியிருப்பாள்.

பையில் ஒரு கைக்குட்டை, ஒரு சாவி.
கோட்டு மடிப்பில் ஒன்றுமில்லை.
கையுறைக்குள் பார்க்கலாமென்றால்
கையுறையே இல்லை.
போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது
அவள் கம்பளித் தொப்பிக்கு அடியிலிருந்து
ஒரு பழுப்புக் கோடு புறப்பட்டு
நெற்றியில் இறங்கி
புருவத்தில் சற்றே நின்று
எந்தப் பக்கம் போவதென்று யோசித்து
கன்னத்துக்கு வந்தது.

அவள் துடைக்கவில்லை.
துடைத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.
கதவோரம் ராணுவப் போலீஸ்காரன்
குளிருக்குக் காலை உதைத்துக்கொண்டு நின்றான்.

"வெளியே மழையா?" என்றேன்.

மூன்று வாரமாக வானத்தில் ஒரு மேகமில்லை.
துப்பினால் தரை தொடுமுன் உறைந்துபோகிற குளிர்.
காலையிலிருந்து அவள் வெளியே போகவுமில்லை.

"ஆமாம் மிஸ். நல்ல மழை."

"அப்படியானால் தொப்பியைக் கழற்றாதே."

இரவு வாளியை நிறுத்தேன்.
ஒரு ராத்தல் குறைவு.
காரணம் எழுதும் கட்டம் விரலகலம்தான்.
பென்சிலை நாக்கில் நனைத்து
எழுதினேன்: ஆவியாகிவிட்டது.

குத்தகைக்காரர் வந்து கேட்டால்
பாய்லரைக் காட்டுவேன்.